செம்பும் அலுமினியமும், தங்கை கேட்ட சத்தமும்

என் தங்கை இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், தன் அறையில் ஏதோ அழுகிறது என்று சொல்லத் தொடங்கினாள். நான் நம்பவில்லை. நம்பாததோடு நிற்காமல், அவளுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று மருத்துவரிடமும் சொன்னேன். அழுதது நான் செய்து கொடுத்த பெட்டி. அது தெரிந்த பிறகும் அவளிடம் சொல்லவில்லை. விஷயம் இவ்வளவுதான். அது எப்படி நடந்தது என்பதை எழுதுகிறேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். என் மனைவி காலமான பிறகு, ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த தங்கை என்னோடு வந்து சேர்ந்தாள். திருமணம் செய்துகொள்ளாதவள். மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு கற்றுக்கொடுப்பாள். குக்கர் விசில் எந்த ஸ்வரத்தில் அடிக்கிறது, லிஃப்ட் மணி எந்த ஸ்ருதியில் இருக்கிறது என்று யாரும் கேட்காமலேயே சொல்வாள். 'உனக்கு வேற வேலையே இல்லையா' என்று கிண்டல் செய்வேன். பிறகு அவள் நுரையீரல் நார்போல இறுகத் தொடங்கியது. பாட்டு நின்றது. மூக்கில் குழாயும், கட்டிலருகே உறுமிக்கொண்டே இருக்கும் ஆக்சிஜன் மிஷினும் வந்தன. அறைக் காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் அது. மின்சாரம் இல்லாவிட்டால் வெறும் பெட்டி.

என் வேலை உலோகங்களை ஒட்டுவது. அதற்காகவே படித்தேன், அதையே வாழ்நாள் முழுவதும் செய்தேன். செம்பையும் அலுமினியத்தையும் நெருப்பு வைத்து ஒட்ட முடியாது என்று சொல்லலாம். உருக்கினால் நடுவில் கண்ணாடிபோல நொறுங்கும் ஒரு படலம் உண்டாகிவிடும். அதனால் அவற்றை உருக்காமல் ஒட்டுகிறோம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருந்து ஒரு எஃகு முனையால் அழுத்துவோம். அந்த முனை, காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும். இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து மேல்தோலை இழந்துவிடும். தோல் போன உலோகமும் தோல் போன உலோகமும் தொட்டுக்கொண்டால் பிறகு விடாது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். புகை இல்லை, பொறி இல்லை. முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது நினைவிருக்கிறது.

ஒட்டியதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. கிழித்துப் பார்க்க வேண்டும். குறடால் பிடித்து இழுத்தால், நன்றாக ஒட்டிய தகடு தன் சதையைக் கொஞ்சம் அங்கேயே விட்டுவிட்டுத்தான் வரும். ஆனால் கிழித்த தகடு வீண். நான் கிழிப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. காதாலேயே சொல்வேன். அதிர்வு நமக்குக் கேட்காது, ஆனால் நன்றாகப் பிடித்தால் 'சிக்' என்று ஒரு சிறு சத்தம் வரும். வழுக்கினால் கீச்சென்று கத்தும். 'பெரியவர் காது மீட்டர் மாதிரி' என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை.

அந்தக் காதில் எப்போதும் மெல்லிய ரீங்காரம் ஒன்று இருந்தது. மழைக்குப் பிறகு செம்பனைத் தோட்டத்தில் பூச்சிகள் கத்துவதுபோல. எப்போது தொடங்கியது என்று தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை. டிவியை நான் சத்தமாக வைக்கிறேன் என்று தங்கை சத்தம் போடுவாள்; இந்தக் காலத்தில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று நான் திருப்பிச் சொல்வேன்.

ஓய்வுக்குப் பிறகு, கிள்ளானில் பேட்டரி கட்டும் சிறிய பட்டறை ஒன்றுக்கு ஆலோசகராகப் போய்வந்தேன். ரயிலில் போய் ரயிலில் வருவேன். முதலாளி ஒருகாலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்.

அந்த வருட மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் அடுக்குமாடியில் ஒருநாள் மின்சாரம் போனது. சிறிது நேரம்தான். அதற்குள் தங்கை பயந்துவிட்டாள். அவசரத்துக்கென்று கட்டிலருகே வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றும்வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் நினைத்தேன், கடையில் விற்பதைவிட நல்லதாக ஒரு பேட்டரிப் பெட்டியை நானே செய்து தருவேன் என்று. நினைத்த மறுநாள் ஆயுத பூஜை.

பட்டறையில் ஷட்டர் கதவில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூஜை முடிந்து முதலாளி வீட்டுக்குப் போய்விட்டார். மிஷினை ஓட்டும் பெண்மணி மட்டும் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பந்திங்கிலிருந்து வேனில் வருபவள், எப்போதும் வாய் ஓயாதவள். வெல்டிங் மிஷினுக்கு ஒரு சின்ன மாலை போட்டிருந்தாள். அதன் எஃகு முனைக்கும் அதற்குக் கீழே உள்ள அடிக்கட்டைக்கும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள்.

நான் மாலையைக் கழற்றியதும் எழுந்து வந்தாள்.

"அங்கிள், என்ன செய்யிறீங்க? பொட்டு வச்சாச்சு லா. இன்னைக்கு அதுக்கு லீவு."

"மிஷினுக்கு லீவு. எனக்கு?"

"உங்களுக்கு என்னா, வருஷம் பூரா லீவுதானே! அது பாவம், ஒரு நாள்தான் படுத்திருக்கு. நாளைக்கு வாங்க, நானே அடிச்சித் தரேன்."

"தங்கச்சி காத்திருக்காம்மா. இன்னைக்கே வேணும்."

தங்கச்சி என்றதும் விட்டுவிட்டாள். டிஷ்யூ தாளால் சந்தனத்தைத் துடைத்தேன். அந்த முனையின் அடிப்பரப்பில் தகட்டைக் கவ்விப் பிடிப்பதற்காக முதலைத்தோல்போல நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? பேட்டரியின் அலுமினிய நாக்குகளோடு ஒட்ட என் கையில் இருந்த செம்புத் தகடுகளும் கணக்காக இருந்தன. கிழித்துப் பார்க்க ஒன்றுகூட மிச்சமில்லை.

மிதிகட்டையை அழுத்தினேன். அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அங்கிள், பல்லு கூசுது! ஏன் இப்படிக் கத்துது?"

"எங்க கத்துது?"

"கேக்கலையா? பூனை வால மிதிச்ச மாதிரி."

கேட்டேன். எனக்கு ரீங்காரம் கேட்டது. நடுவில் ஒரு 'சிக்'. அல்லது 'சிக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் நானே அதைக் கேட்டுக்கொண்டேன். இப்போது எது என்று சொல்ல முடியவில்லை.

"நல்லாத்தான் பிடிக்குது," என்றேன்.

"லீவு நாள்ல எழுப்புனா யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க," என்று சொல்லிவிட்டு, பொரிப் பொட்டலம் ஒன்றை என் பையில் போட்டாள். இருவரும் சிரித்தோம். பூஜை வைத்த கையோடு மிஷின் ஓடுவதைப் பார்க்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை, அதனால் எதையோ கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, தங்கையின் ஸ்ருதிப் பெட்டி சந்தனம் குங்குமத்தோடு சாமி அலமாரியின் முன்னால் இருந்தது. நோயிலும் அவள் அந்த நாளை விடவில்லை. என் பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

"இன்னைக்கா அண்ணே மிஷின ஓட்டினே?"

"இல்லல்ல. நேத்தே செஞ்சு வச்சது," என்றேன்.

அந்தப் பொய் எதற்கு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

தினமும் மாலையில் அவள் அறைச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆக்சிஜன் மிஷினைக் கொஞ்ச நேரம் என் பெட்டியில் ஓட விடுவேன். ஓடியது. நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துவிட்டு, போய் சுவிட்சைத் திரும்பப் போடுவேன். சில வாரங்கள் இப்படிப் போயின.

ஒருநாள் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது சொன்னாள்: "அண்ணே, அது அழுவுது."

"எது?"

"உன் பெட்டி."

"பெட்டி எங்கயாவது அழுமா?"

"அழுவுது. மேல் நிஷாதம், கொஞ்சம் ஸ்ருதி கம்மி." மூச்சு வாங்க, அதைக் கீழ் ஸ்தாயியில் முனகிக் காட்டினாள். "நீ வந்தா நிறுத்திக்குது."

உண்மையில் அதற்கு எளிய காரணம் இருந்தது: நான் அறைக்குள் வருவதே சுவிட்சைப் போடத்தான். சுவிட்சைப் போட்டால் பெட்டிக்கு வேலை இல்லை. இதை யோசிக்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. நானோ அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, மூலையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் புத்திதான் தடுமாறுகிறது என்று முடிவு செய்தேன்.

அடுத்த நாள் அவளுக்காகப் பெட்டியை ஓடவிட்டு, மண்டியிட்டு அதன்மேல் காதை வைத்தேன். என் பூச்சிகள் கத்தின. வேறொன்றும் இல்லை.

"இப்ப கேக்குதா?" என்றேன்.

"உனக்குக் கேக்கலையா?" என்று என்னிடம் கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பயத்தோடு பார்த்துக்கொண்டோம். அவள் எனக்காகப் பயந்தாள் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அந்த மூலையில் அலமாரிக்குப் பின்னால் வெகுநாளாக ஒரு பல்லி இருந்தது. "அதுகூட இப்ப இந்தப் பக்கம் வர்றதில்ல, கவனிச்சியா?" என்றாள். கவனித்தேன். பல்லி எதிர்ச்சுவருக்குப் போய்விட்டிருந்தது. சில மாலைகளில், நான் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்ததும், உள்ளே அவள் அந்த ஒற்றை ஸ்வரத்தை முனகுவது கதவு வழியே கேட்கும். யாரோ ஒருவருக்குப் பதில் சொல்வதுபோல இருக்கும். நான் டிவியைக் கூட்டி வைப்பேன்.

எதிர்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். தோசையோ சம்பாலோ செய்தால் ஒரு தட்டு எங்களுக்கு வரும். அவளைக் கூப்பிட்டு, 'இங்கே ஏதாவது சத்தம் கேட்கிறதா பார் அம்மா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என் வேலையை நானே சந்தேகப்பட்டது போலாகும்.

மருத்துவமனை கிளினிக்கில், அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு மருத்துவரிடம் சொன்னேன். இல்லாத சத்தம் கேட்கிறது, பெட்டி அழுகிறது என்கிறாள், அதோடு சேர்ந்து பாடுகிறாள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் இப்படி வரும் என்று மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கண்ணில் பட்டால் மின்சாரம் போன அந்தப் பயம்தான் வரும் என்று, கட்டிலருகே இருந்த சிலிண்டரையும் எடுத்துக்கொண்டுபோய் சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். "இங்கேயே இருக்கட்டுமே அண்ணே," என்றாள். "பெட்டிதான் இருக்கே," என்றேன்.

மாத்திரைக்குப் பிறகு அவள் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது, விளக்கு அணைந்தது, மின்விசிறி மெல்ல நின்றது. நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. இதற்காகத்தானே பெட்டி செய்தேன் என்று, சொல்லவே கூசுகிறது, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஜன்னல் பக்கம் நகர்ந்து பேப்பரை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

கதவைக் கையால் தட்டியது கேட்கவில்லை போலிருக்கிறது. காலால் உதைத்தது கேட்டது. திறந்தால் எதிர்வீட்டுப் பெண்.

"அங்கிள், என்னா இவ்ளோ நேரமா கத்துது? உங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன கத்துது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. காலியான வீட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஆக்சிஜன் மிஷின் நின்று கிடந்தது. அதில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அபாய மணி அந்த விளக்கோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தங்கை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உதடு நீலமாகி, எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கை உயர்வதையும் தாழ்வதையும் பார்த்தேன்.

"சிலிண்டர் எங்க அங்கிள்? சிலிண்டர்!"

அரிசி டின்னைத் தள்ளிவிட்டு இருவரும் உருட்டிக்கொண்டு வந்தோம். தங்கை பிழைத்தாள். ஆம்புலன்ஸ் வந்தது.

அவளுக்குத் துணி எடுக்க வீட்டுக்குத் திரும்பியவன், பெட்டியைத் திறந்தேன். செம்புத் தகடுகளில் முனை அழுத்திய புள்ளிகள் ஒழுங்காக, அழகாக இருந்தன. ஒரு தகட்டின் புள்ளிகளுக்குள் மட்டும் லேசான மஞ்சள். செம்பின் மினுக்கம் என்று எண்ணியிருந்தேன். நகத்தால் நெம்பினேன். குறடு தேவைப்படவில்லை. காயம் ஆறியபின் பிளாஸ்திரி வருவதுபோலத் தகடு கையோடு வந்தது. அடியில் அலுமினியம் பளபளவென்று, யாரும் தொடாததுபோல இருந்தது. பள்ளங்களில் சந்தனம் அடைத்திருந்ததால் முனை தகட்டைக் கவ்வாமல் வழுக்கியிருக்கிறது. அதுதான் அன்று கத்தியது. அரைகுறையாகப் பிடித்திருந்த இடம் நாளாக நாளாகக் கெட்டுக்கொண்டே வர, அதன் வழியாகப் போன மின்சாரம் நடுங்க, அந்த நடுக்கத்தில் பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் கம்பிச் சுருள் கீச்சிட்டிருக்கிறது. தங்கை கேட்டது அதைத்தான்.

தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அவளிடம் காட்டத்தான் எடுத்துப் போனேன். சத்தியமாக.

நான் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் மருத்துவர் வந்தார். பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு, "இன்னும் அந்தச் சத்தம் கேக்குதா ஆன்டி?" என்றார்.

அவள் முதலில் என் பக்கம் திரும்பினாள். பதில் என்னிடம் இருப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். தகடு என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

"இல்ல டாக்டர்," என்றாள். "அதெல்லாம் மனப்பிரமைதான். அண்ணன் அப்பவே சொன்னாரு."

அதன்பிறகு சில வாரங்கள் இருந்தாள், வீட்டில், சிலிண்டரோடு. சொல்வதற்கு எத்தனையோ மாலைகள் கிடைத்தன. கேட்டவர்களிடம் பேட்டரி மலிவுச் சரக்கு, அதனால் போய்விட்டது என்று சொல்லிவந்தேன். ஒரு மாலை, காலியான மூலையைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"பெட்டி எங்கண்ணே?"

"எடுத்துட்டேன்."

"பாவம் அது," என்றாள். "அது சொன்னத யாருமே நம்பல."

"தூங்குமா," என்றேன்.

தைப்பூசத்துக்கு ஊரே பத்துமலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வாரத்தில் போய்விட்டாள்.

எதிர்வீட்டுப் பெண்தான் பிறகு என்னை வற்புறுத்திக் காதுப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதுக்கு மேல் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். கவனமாகக் கேட்டேன். மெல்லியதாக ஒன்று கேட்டது, அழுத்தினேன். மீண்டும் கேட்டது, அழுத்தினேன். நன்றாகவே செய்கிறேன் என்று நினைத்தேன். கூண்டின் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பரிசோதனைப் பெண் எட்டிப்பார்த்தாள்.

"அங்கிள், நான் இன்னும் ஒண்ணுமே போடலையே."

அன்று மாலை பரண்மேலிருந்த பெட்டியை இறக்கினேன். கழன்ற தகட்டை அதன் இடத்தில் வைத்து, துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வவிட்டு, ஒரு மேசை விசிறியை அதில் மாட்டி ஓடவிட்டேன். தங்கையின் அறையில், அதே மூலையில். விசிறி சுற்றியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தேன். எனக்கு என் பூச்சிகள்தான்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். மின்சாரம் போன அன்றைக்குப் பிறகு என் கதவு பூட்டப்படுவதில்லை.

"என்ன அங்கிள், மறுபடியும் அந்தச் சத்தமா? ஆன்டி இருந்தப்ப சாயங்காலம் சாயங்காலம் கேக்குமே."

"உனக்கும் கேக்குமா?"

"கேக்காம? எங்க கூடம் வரைக்கும் வரும். ஆன்டிக்கு ஏதோ மிஷின் போல, நாம என்ன சொல்றதுன்னு இருந்துட்டோம்."

"எப்படி இருக்கு சத்தம்? பாடிக் காட்டுமா."

"நானா? எனக்குப் பாட வராது அங்கிள்," என்று வெட்கத்தோடு சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, பெட்டியின் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டு, வாயை மூடிக்கொண்டு முனகினாள்.

அதே ஸ்வரம். கதவுக்குப் பின்னாலிருந்து நான் டிவியைக் கூட்டி வைத்து மறைத்த அதே ஸ்வரம், இன்னொரு பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தது.

"என் தங்கச்சிக்கும் அது கேட்டுச்சு," என்றேன். "எனக்குக் கேக்கல. அதனால அவளுக்குப் பைத்தியம்னு டாக்டர்கிட்ட சொன்னேன். பெட்டிய தப்பா ஒட்டினது நான்தான்."

அவள் சுவரில் இருந்த தங்கையின் படத்தைப் பார்த்தாள்.

"ஆன்டிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் சொல்லவில்லை. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அத நிப்பாட்டுங்க அங்கிள். தாங்க முடியல."

குனிந்து கிளிப்பை எடுத்தேன். விசிறி நின்றது. அவள் கைகளை இறக்கி, மூச்சை விட்டாள். எனக்கு அந்த அறையில் எந்த மாற்றமும் தெரியவில்லை.